கண்ணாடி ஓரத்து ஆரஞ்சு விளக்கு

மின்சார கார் வாங்கி மூன்றாவது வாரம். மாலை ஏழு மணி, ஜி.எஸ்.டி. சாலை, குரோம்பேட்டை. வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. இடப்பக்கம் ஒரு மருந்துக்கடை ஓரமாக ஒதுங்கலாம் என்று இண்டிகேட்டர் போட்டேன். சைடு மிரரைப் பார்த்தேன், யாரும் இல்லை. மிரரின் ஓரத்தில் இருக்கும் ஆரஞ்சு விளக்கும் எரியவில்லை. பிறகென்ன என்று ஸ்டியரிங்கை லேசாக ஒடித்தேன். பின்கதவுக் கண்ணாடியில் 'பொத்' என்று ஓர் அறை விழுந்தது. உணவு டெலிவரி பை மாட்டிய பையன் ஒருவன், காருக்கும் நடைபாதைக்கும் நடுவே ஸ்கூட்டரைச் செருகிக்கொண்டு நின்றான்.

"அண்ணே, இண்டிகேட்டர் போட்டா ரோட்டை உங்களுக்கு எழுதிக் குடுத்தாச்சா?"

அடி எதுவும் இல்லை. அவன் போய்விட்டான். எனக்குத்தான் கார் மேல் ஆத்திரம். அத்தனை லட்சம் கொடுத்து வாங்கியதில், மிரரில் தெரியாத இடத்தில் யாராவது வந்தால் அந்த ஆரஞ்சு விளக்கை எரியவைக்க 'பிளைண்ட் ஸ்பாட் மானிட்டர்' என்று ஒன்று இருக்கிறதே, அது என்ன செய்துகொண்டிருந்தது? அன்றிரவு கையேட்டைப் புரட்டினேன். மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் அது விழிக்கும் என்று தெளிவாகவே அச்சடித்திருந்தார்கள். நான் போனது பத்தோ பன்னிரண்டோ. தூங்கிக்கொண்டிருந்த விளக்கைப் பார்த்து, பக்கத்தில் ஆளில்லை என்று நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வசதி உண்மையிலேயே உதவுகிறதா என்று கேட்டால், உதவுகிறது. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் இயங்கும் ஐ.ஐ.எச்.எஸ். என்ற ஆய்வு அமைப்பு, போலீஸ் பதிவான விபத்துகளை வைத்துக் கணக்குப் பார்த்தது. இது பொருத்திய கார்களில் தடம் மாறும்போது நேரும் விபத்துகள் 14 சதவீதம் குறைந்திருந்தன. அவற்றில் ஆட்களுக்குக் காயம் ஏற்பட்டவை மட்டும் 23 சதவீதம் குறைந்திருந்தன. நல்ல பலன்தான். ஆனால் அது தடக்கோட்டுக்குள் வண்டிகள் ஓடும் ஊர்க் கணக்கு. அதே அமெரிக்காவில் ஏ.ஏ.ஏ. என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2014-ல் நடத்திய சோதனையில், கார்களைவிட மோட்டார் சைக்கிள்களை இந்த அமைப்புகள் சராசரியாக 26 சதவீதம் தாமதமாகவே கண்டுகொண்டன. நம் கணக்கைப் பாருங்கள்: 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் பேர் டூ வீலரில் வந்தவர்கள். எதைக் கண்டுகொள்ள இந்தக் கருவி தடுமாறுகிறதோ, அதுதான் நம் தெருவில் நிறைந்திருக்கிறது.

இதன் உள்வேலை சிக்கலானதல்ல. பின்பம்பரின் இரண்டு மூலைகளிலும், பிளாஸ்டிக்குக்கு உள்ளே, உள்ளங்கையளவு ராடார் பெட்டி ஒன்று ஒளிந்திருக்கும். பழைய கார்களில் 24 கிகாஹெர்ட்ஸ், இப்போது வருபவற்றில் பெரும்பாலும் 77. அது அனுப்பும் அலை பக்கத்துத் தடத்தில் வரும் வண்டியில் பட்டுத் திரும்பினால் மிரரில் விளக்கு எரியும். விளக்கு எரியும்போது நீங்கள் அந்தப் பக்கம் இண்டிகேட்டர் போட்டால் மணியும் அடிக்கும். 2000-களின் நடுவில் இதை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்த வால்வோ, மிரருக்கு அடியில் கேமரா வைத்துச் செய்தது. ராடார் பிறகு வந்தது.

சர்வதேசத் தரவிதி ஐ.எஸ்.ஓ. 17387 இந்த வேலைக்கு ஒரு கட்டம் போட்டிருக்கிறது. நீளத்தில், ஓட்டுநரின் கண் இருக்கும் இடத்திலிருந்து பின்பம்பருக்கு 3 மீட்டர் பின்னால் வரை. அகலத்தில், காரின் பக்கவாட்டிலிருந்து அரை மீட்டர் தள்ளித் தொடங்கி 3 மீட்டர் வரை. அந்த அரை மீட்டரைக் கவனியுங்கள். கதவை உரசிக்கொண்டு வரும் ஸ்கூட்டரைக் காட்டியே தீர வேண்டும் என்று அந்த விதி கேட்கவில்லை. பல கார்கள் காட்டும். அது கார் செய்யும் உபகாரம், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியவை

கையேட்டில் ஒரே ஓர் எண்ணைத் தேடிப் பிடியுங்கள்: எந்த வேகத்தில் இது விழிக்கிறது? சில கார்களில் 15, சிலவற்றில் 20, சிலவற்றில் 30. மாலை நேர அண்ணா சாலையில் நீங்கள் ஓட்டும் வேகம் அதற்குக் கீழே என்றால், அங்கே உங்கள் காரில் பிளைண்ட் ஸ்பாட் மானிட்டர் இல்லை என்றே வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

மிரர்களைத் திருத்தி வையுங்கள். நம்மில் முக்கால்வாசிப் பேர் சைடு மிரரில் சொந்தக் காரின் பின்கதவைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறோம். அது எங்கும் ஓடிப்போகாது, அதைப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஜார்ஜ் பிளாட்சர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1995-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் எளிய வழி சொன்னார். நம் ஊர் வலப்பக்க ஸ்டியரிங்குக்கு அதை மாற்றிச் சொல்கிறேன். தலையை வலப்பக்கக் கண்ணாடியில் முட்டுகிற அளவுக்குச் சாய்த்து, காரின் விளிம்பு லேசாகத் தெரியும் வரை வல மிரரை வெளியே தள்ளுங்கள். பிறகு இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே தலையைக் கொண்டுபோய், இட மிரரையும் அதேபோல வையுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்தால் சொந்தக் கார் மிரரில் தெரியாது, இதுவரை ஒளிந்திருந்த இடம் தெரியும். முதல் இரண்டு நாள் வெறிச்சென்று இருக்கும், அப்புறம் பழகிவிடும். ஒரு சின்னத் திருத்தம் என்னுடையது: இட மிரரில் மட்டும் சொந்தக் கதவை ஒரு விரற்கடை அளவு விட்டுவைத்திருக்கிறேன். கதவை உரசி வரும் டூ வீலர் எவ்வளவு நெருக்கம் என்று அளக்க அது வேண்டியிருக்கிறது. பிளாட்சர் ஜி.எஸ்.டி. சாலையில் ஓட்டியவரல்ல.

இண்டிகேட்டர் போடுங்கள், ஸ்டியரிங்கைத் திருப்புவதற்கு முன்பே. நல்லொழுக்கத்துக்காகச் சொல்லவில்லை. நீங்கள் தடம் மாறப் போகிறீர்கள் என்பது பெரும்பாலான கார்களுக்கு இண்டிகேட்டரை வைத்துத்தான் தெரியும். அது இல்லாமல் திருப்பினால் மணி அடிக்காது, விளக்கு மட்டும் ஊமையாக எரிந்து அணையும். கேமரா வைத்த கார்களிலும் இதே கதைதான். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து வந்த கிரெட்டா எலெக்ட்ரிக், ஐயோனிக் 5 இரண்டிலும் உரிய வேரியண்டில் இண்டிகேட்டர் போட்டதும் அந்தப் பக்கத்துக் காட்சி மீட்டர் திரையில் படமாக வரும். இண்டிகேட்டரே போடாத ஆளுக்கு அந்தக் கேமரா வெறும் அலங்காரம்.

தோளுக்கு மேல் ஒரு பார்வை பாருங்கள். அரை நொடி போதும். இதற்கு மாற்று இன்னும் வரவில்லை.

உங்கள் கார் எப்படிப்பட்டது என்று ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். நான் பார்த்தேன். ஞாயிறு காலை, வண்டலூர் வெளிவட்டச் சாலை. மனைவி ஓட்டினாள். நான் பக்கத்து இருக்கையில் நோட்டும் பேனாவுமாக. லாரி, பஸ், கார் ஒன்றையும் அது தவறவிடவில்லை. மிரரில் அவை தெரிந்துகொண்டிருக்கும்போதே விளக்கு எரிந்துவிட்டது. மோட்டார் சைக்கிள் என்றால் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் எரிந்தது. சீறிக்கொண்டு கடந்த இளைஞர் ஒருவருக்கு, அவர் எங்கள் முன்பம்பரைத் தாண்டும் நேரத்தில் எரிந்து மரியாதை செய்தது. ஆளே இல்லாத இடத்தில், இரும்புத் தடுப்பு நீளமாகப் போகும் ஓரத்தில், இரண்டு தடவை பொய்யாக எரிந்தது. "மாமியாரைவிடப் பரவாயில்லை" என்றாள் ஓட்டியவள். உங்கள் காருக்கு வேறு குணம் இருக்கும். அதைத் தெரிந்துகொள்ள அரை மணி நேரம் போதும், ஆனால் குறிப்பெடுப்பவர் ஓட்டக்கூடாது.

மழைக்காலத்தில் பின்பம்பரின் மூலைகளைத் துடையுங்கள். ஐப்பசி மழையில் சர்வீஸ் ரோட்டுச் சேறு அப்பிக்கொண்டால் ராடாருக்குக் கண் மறைந்துவிடும். பல கார்கள் திரையில் ஒரு வரி போட்டுச் சொல்லும். அதை மூடிவிட்டு மறந்துவிடாதீர்கள், பழைய துணி ஒன்று போதும். கேமரா என்றால் மிரருக்கு அடியிலும் துடைக்க வேண்டும். கொட்டும் மழையில் இரண்டுமே தடுமாறும். அப்போது தடம் மாறாமல் போவது உத்தமம்.

கதவைத் திறக்கும்போதும் அந்த விளக்கைப் பாருங்கள். இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இந்த ராடாரின் பெரிய பயன் இதுதான் என்பது என் அபிப்பிராயம். நின்ற காரின் கதவைப் படாரெனத் திறப்பதும், பின்னால் வந்த ஸ்கூட்டர் அதில் மோதி விழுவதும், விழுந்தவர் மேல் அடுத்து வரும் பஸ் ஏறுவதும் நாம் பேப்பரில் படித்துப் படித்துச் சலித்த செய்தி. பம்பர் மூலையில் இருக்கும் அதே ராடார்களை வைத்துப் பல கார்கள், நின்றிருக்கும்போதும் பின்னால் வருவதைக் கண்டு எச்சரிக்கின்றன. இங்கே 30 கிலோமீட்டர் நிபந்தனை கிடையாது. வண்டியை அணைத்த பிறகும் பல கார்களில் சிறிது நேரம் வேலை செய்யும். ஆனால் பின்சீட்டில் இருக்கும் குழந்தைக்கோ, கால் டாக்ஸி மாதிரி நினைத்து இறங்கும் மாமாவுக்கோ இந்த விளக்கைப் பற்றித் தெரியாது. சொல்லிக் கொடுங்கள். கூடவே நெதர்லாந்துக்காரர்கள் பழகுகிற ஒரு வித்தையையும் சொல்லிக் கொடுங்கள்: கதவுக்கு எட்டத்தில் இருக்கும் கையால் கதவைத் திறப்பது. வலப்பக்கம் இறங்குகிறவர் இடக்கையை நீட்டித் திறந்தால், உடம்பு தானாகத் திரும்பும், கண் தானாகப் பின்னால் போகும். என் ஏழு வயது மகளுக்கு இரண்டே நாளில் வந்துவிட்டது. எனக்கு ஒரு மாதம் ஆனது.

செய்யக்கூடாதவை

எரியாத விளக்கை நம்பாதீர்கள். எரிகிற விளக்கை நம்பலாம். பொய்யாக எரிந்தால் பத்து விநாடி காத்திருந்தோம் என்பதோடு போகும். எரியாத விளக்குக்குப் பல காரணங்கள் இருக்கலாம்: பக்கத்தில் ஆளில்லை, வேகம் போதவில்லை, ராடாரில் சேறு, வருகிறவர் கட்டத்துக்கு வெளியே, யாரோ மெனுவில் அணைத்துவிட்டார்கள். முதல் காரணத்தை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் அன்று நான் செய்தது.

மின்சார காரின் வேகத்தைப் பிளைண்ட் ஸ்பாட் விளக்கோடு சேர்த்துச் சூதாடாதீர்கள். பெட்ரோல் காரில் கியர் மாற்றி, எஞ்சின் முனகி, வேகம் ஏறுவதற்குள் மிரரை இன்னொரு முறை பார்க்க நேரம் கிடைக்கும். இதில் கால் வைத்த மாத்திரத்தில் கார் பாய்கிறது. விளக்கு அணைந்ததும் இடைவெளியில் புகுந்துவிடலாம் என்று தோன்றும். பின்னால் எண்பதில் வருகிறவனை உங்கள் கார் பார்க்கிறதா என்பது மாடலைப் பொறுத்தது. சில அமைப்புகள் அந்த 3 மீட்டர்க் கட்டத்தோடு நின்றுவிடும், சில பல மீட்டர் தூரத்திலிருந்து வேகமாக நெருங்குவதையும் பார்க்கும்.

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுக்காதீர்கள். இதுவும் மின்சார காரின் தனிப் பிரச்சினை. ஒற்றைப் பெடல் ஓட்டத்தில் காலை எடுத்தாலே பிரேக் போட்ட மாதிரி வண்டி தளரும், அந்தச் சக்தி பேட்டரிக்குத் திரும்பும். பின்னால் பத்தடி தள்ளி வந்த மோட்டார் சைக்கிள்காரர் இதை எதிர்பார்க்க மாட்டார். மோதாமல் தப்ப அவர் ஒடிப்பது உங்கள் பக்கவாட்டுக்கு. அதாவது ஒரு நொடி முன்பு உள்மிரரில் தெளிவாகத் தெரிந்தவரை, நீங்களே மறைவிடத்துக்குள் தள்ளிவிடுகிறீர்கள். தடம் மாற நினைக்கும்போது முதலில் காலை எடுப்பது நம் பழக்கம் என்பதால் இது தினமும் நடக்கிறது.

பின்பம்பரில் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்காதீர்கள். ஒரு பார்க்கிங்கில் என் பம்பரின் இடது மூலையை யாரோ கீறிவிட்டுப் போனார்கள். தெரிந்த பட்டறையில் விட்டேன். பட்டி வைத்து, தேய்த்து, மெட்டாலிக் பெயின்ட் அடித்து, கீறல் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியாதபடி செய்து கொடுத்தார்கள். வேலையில் குற்றமில்லை. ஆனால் அன்றிலிருந்து இடது மிரர் விளக்குக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, காலிச் சாலையில் எரிந்தது, லாரி பக்கத்தில் வந்தால் அணைந்தது. ராடார் அலை பம்பர் பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டுதான் போய்வர வேண்டும். அதன் மேல் பட்டியும் உலோகத் துகள் கலந்த பெயின்ட்டும் கனமாக ஏறினால் அலை திசை மாறும் அல்லது செத்துப்போகும். புது பம்பர் மாட்டி, ராடாரைக் கேலிபரேட் செய்த பிறகுதான் சரியானது. பின்னால் மெல்ல இடித்தாலும் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். பெட்டி ஒரு டிகிரி திரும்பியிருந்தாலே முப்பது மீட்டர் தள்ளி அரை மீட்டர் விலகிவிடும்.

கேமரா படத்தில் தூரம் கணக்கிடாதீர்கள். அகலக் கோண லென்ஸ் எல்லாவற்றையும் தள்ளிக் காட்டும். படத்தில் ஸ்கூட்டர் தீப்பெட்டி அளவில் இருப்பதால் அது தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் அதில் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில், எதிர் ஹெட்லைட் கூசும்போது, அதுவும் தெரியாது.

மணிச் சத்தம் எரிச்சலாக இருக்கிறது என்று முழுவதையும் அணைத்துப் போடாதீர்கள். நகரத்தில் எரிச்சல்தான், ஒத்துக்கொள்கிறேன். பெரும்பாலான கார்களில் சத்தத்தை மட்டும் குறைக்கலாம், விளக்கு இருக்கட்டும்.

யூ டர்ன், ரவுண்டானா, பெரிய வளைவு: இங்கெல்லாம் அதைக் கேட்காதீர்கள். நேர்த் தடத்துக்காகச் செய்த கருவி அது.

வாங்கப் போகிறவர்களுக்கு

இந்த வசதி பெரும்பாலும் மேல் வேரியண்டில்தான் இருக்கும். ஷோரூமில் 'பிளைண்ட் ஸ்பாட் இருக்கு சார்' என்றால், ராடாரா கேமராவா என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல. நீங்கள் பார்க்காவிட்டாலும் ராடார் எச்சரிக்கும். கேமரா, நீங்கள் பார்த்தால் மட்டும் காட்டும். 2023-ல் தொடங்கிய பாரத் என்கேப் மோதல் சோதனையின் நட்சத்திரங்களை இதற்குச் சான்றாகக் காட்டினால் ஏற்காதீர்கள். அந்த நட்சத்திரங்கள் முக்கியமாக மோதினால் என்னாகும் என்பதைச் சொல்பவை.

டெஸ்ட் டிரைவில் செய்ய வேண்டிய கடைசி வேலை ஒன்று: ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பின்னால் திரும்பிப் பாருங்கள். மின்சார கார்களில் பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் தளம் உயர்கிறது, அதோடு ஜன்னலின் கீழ்விளிம்பும் பல மாடல்களில் மேலே போகிறது. காற்றைக் கிழித்து ரேஞ்ச் கூட்டுவதற்காகக் கூரை பின்னால் சரிகிறது. கர்வ் ஈ.வி., எக்ஸ்.ஈ.வி. 9ஈ போன்ற கூபே வடிவக் கார்கள் வெளியிலிருந்து பார்க்க அழகு. உள்ளிருந்து பார்த்தால் பின்கண்ணாடி தபால் பெட்டி வாய் மாதிரி. பிளைண்ட் ஸ்பாட் மானிட்டரின் தேவையைக் கூட்டுவதே இந்த வடிவம்தான். ராடார் இல்லாத வேரியண்டுதான் கையைக் கடிக்காது என்றால், மிரர் மூலையில் ஒட்டும் சின்ன வட்டக் குவியாடி கடையில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அதற்கு மென்பொருள் அப்டேட் தேவையில்லை, பத்து கிலோமீட்டர் வேகத்திலும் வேலை செய்யும். குரோம்பேட்டைக்குப் பிறகு நானும் இரண்டு வாங்கி ஒட்டிக்கொண்டேன்.

டூ வீலரில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மின்சார காரில் எஞ்சின் சத்தம் இல்லை. எஞ்சின் உறுமலை வைத்து அது நகரப் போகிறதா என்று காதால் அறியும் பழக்கம் இனி உதவாது. ஆனால் உங்களுக்கும் பயன்படும் ஒன்று அதில் இருக்கிறது. ஒரு காரின் பின்கதவை ஒட்டிப் போய்க்கொண்டிருக்கும்போது, அதன் மிரரில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி எரிவது தெரிந்தால், அது உங்களுக்காகத்தான் எரிகிறது. கார் உங்களைப் பார்த்துவிட்டது. ஓட்டுகிறவர் பார்த்தாரா என்று தெரியாது. அந்த இடத்தில் நிற்காதீர்கள். முன்னே போய்விடுங்கள், இல்லாவிட்டால் பின்னே தங்கிவிடுங்கள்.